பிரசுரமான ஆய்வுக்கட்டுரையில் பிழை: விடுவதா, திருத்துவதா, மீளப்பெறுவதா?

கேள்வி

கிளிநொச்சி மாவட்டத்தில் உதவி ஆய்வாளராக வேலை செய்கிறேன். என் முதுமாணி ஆய்விலிருந்து சென்ற ஆண்டு வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் மூவர்: நான், மேற்பார்வையாளரான சேர், களவேலையில் உதவிய இன்னொருவர். ஒரு குளத்தின் கீழுள்ள கிராமங்களில் 48 கிணறுகளின் நீரைக் காலபோகத்தில் (மாரி) ஒருமுறையும் சிறுபோகத்தில் (கோடை) ஒருமுறையும் சோதித்தோம். நைத்திரேற்று எல்லாக் கிணறுகளிலும் எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது, ஆகக் கூடியது லீற்றருக்கு 21 மில்லிகிராம், குடிக்கலாம் என்று எழுதினோம். போன மாதம் கருவியின் பழைய பதிவைப் பார்த்தபோதுதான் அது நைத்திரேற்று-நைதரசனாக அளந்திருப்பது தெரிந்தது. நாங்கள் அதை நைத்திரேற்று என்றே போட்டுவிட்டோம். இன்னொன்றும் உண்டு. களவேலைக்காரர் தந்த அட்டவணையில் அடுத்தடுத்து 11 கிணறுகளுக்குப் புளோரைட்டும் மின்கடத்துதிறனும் இரண்டு போகத்திலும் தசமம்கூட மாறாமல் ஒன்றாக இருக்கின்றன. சேரிடம் சொன்னேன். “மூன்று பேர்தான் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பதவியுயர்வு நேர்முகம் வேறு வருகுது, விடுங்கோ” என்கிறார். இணையத்தில் உள்ள பிரதியைச் சத்தமில்லாமல் மாற்றித் தரச் சொல்லலாமா? சேரின் சம்மதம் இல்லாமல் நான் இதழுக்கு எழுதலாமா? என் பெயர் கெட்டுவிடுமா?

பதில்

அன்பின் தங்கைக்கு,

கட்டுரைக்கு முதல் கிணறுகளைப் பார்ப்போம். நைத்திரேற்று-நைதரசன் என்ற அளவு, நைத்திரேற்றுக்குள் இருக்கும் நைதரசனின் நிறையை மட்டும் சொல்கிறது. நைதரசனின் அணுநிறை 14, நைத்திரேற்று அயனின் நிறை 62. ஆகவே கருவி காட்டிய எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்று வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம் எல்லை நைத்திரேற்றுக்கு உரியது. நைதரசனாகக் கணக்கிட்டால் அதே எல்லை 11.3தான். அமெரிக்காவில் எல்லையை நைதரசனாகவே, 10 என்று, சொல்வார்கள். பாடப்புத்தகம் ஒரு முறையிலும் கருவி இன்னொரு முறையிலும் பேசுவதால் இந்தத் தடுமாற்றம் எத்தனையோ நீர் ஆய்வுகளில் நேர்ந்திருக்கிறது. உங்கள் 21 உண்மையில் 93. நீங்கள் அனுப்பிய தாளில் காலபோகத்தில் மட்டும் 17 கிணறுகள் 11.3ஐத் தாண்டியிருக்கின்றன. அந்த 17 வீட்டாரும் குடிக்கலாம் என்ற உங்கள் முடிவின் கீழ் இருக்கிறார்கள்.

இதழ் முடிவெடுக்க மாதக்கணக்காகும். கிணற்றுக்காரர் அதுவரை காத்திருக்கக் கூடாது. இந்தக் கிழமையே கிணற்று இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, கருவி காட்டிய எண், 4.43ஆல் பெருக்கிய எண் என்று நான்கு நிரல் கொண்ட ஒரு பக்கத் தாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கையளித்து, மறுபரிசோதனை கேளுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தல் பால் குடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள்தான் முதலில் பார்க்கப்பட வேண்டியவை. அந்த வயதில் நைத்திரேற்று கூடிய நீர், குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைத்துப் பிள்ளையை நீலம் பாரிக்க வைக்கும். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாக ஆவியாக மிச்சத்தில் செறிவு கூடும் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். கொதித்தாறிய தண்ணீர்தானே என்று தாய்மார் நம்பிக் கொடுப்பார்கள். குளோரீன் போட்டாலும் பயனில்லை. நீரை மென்சவ்வூடாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. முறை நைத்திரேற்றைப் பெருமளவு குறைக்கும். இதைச் சொல்ல இதழின் அனுமதியோ சேரின் ஒப்பமோ தேவையில்லை. அவர்களின் கிணறு, அவர்களின் தண்ணீர்.

இனிக் கட்டுரை. சத்தமில்லாமல் மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டாம், ஒழுங்கான இதழ் செய்யவும் மாட்டாது. வெளியான நாளில் இருந்த வடிவமே பதிவு வடிவம். அதைத் தரவிறக்கிய ஒருவர் தன் அறிக்கையில் “ஆகக் கூடியது 21” என்று எழுதியிருப்பார். நாளைக்கு யாரோ மூலத்தைத் திறந்து 93 என்று கண்டால், பொய் சொன்னவர் அவர் என்றாகிவிடும். ஆகவே எந்த மாற்றமும் திகதியோடும் காரணத்தோடும் தனி அறிவிப்பாக வர வேண்டும். அந்த அறிவிப்புக்கும் கட்டுரைக்கும் இடையில் இருபக்கமும் இணைப்பு இருக்க வேண்டும். எழுத்துப் பிழை, அச்சுக் கோணல் போன்றவற்றை இதழ்கள் சில நேரம் அப்படியே சரிசெய்துவிடும். எண், அலகு, முடிவு, ஆசிரியர் பெயர் என்றால் அறிவிப்பு இல்லாமல் தொடக் கூடாது.

இதழ்களிடம் உள்ள வழிகள் நான்கு. கட்டுரையின் முடிவு நிற்கிறது, ஒரு பகுதி மட்டும் பிழை என்றால் திருத்தம். முன்பு அச்சகத்தின் பிழைக்கு ஒரு பெயர், ஆசிரியரின் பிழைக்கு இன்னொரு பெயர் என்று பிரித்தார்கள். இப்போது பல இதழ்கள் இரண்டையும் திருத்தம் என்றே போடுகின்றன. முடிவை நம்பவே முடியாது என்றால் மீளப்பெறல். பிழை நேர்மையானது, ஆனால் பெரியது, தரவு நல்லது, திருத்திக் கணக்கிட்டால் பயனுள்ள கட்டுரை கிடைக்கும் என்றால், பழையதை மீளப்பெற்றுப் புதியதை மறுபிரசுரம் செய்வது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இந்த மூன்றாவது வழியைத் தன் வழிகாட்டலில் எழுதி வைத்திருக்கிறது. எல்லா இதழும் இதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதால் நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். விசாரணை இழுபடுகிறது, ஆதாரம் முடிவாக இல்லை, ஆனால் வாசகரை எச்சரிக்க வேண்டும் என்றால் கரிசனை அறிவிப்பு.

உங்கள் கட்டுரை எதில் விழும்? அலகுப் பிழைதானே, இரண்டு வரித் திருத்தம் போதும் என்று சேர் இறங்கி வரக்கூடும். போதாது. ஒரு திருத்தம் போதுமா என்று பார்க்க, சுருக்கவுரையை எடுத்துப் புதிய எண்களோடு வரி வரியாக வாசியுங்கள். எண்கள் மட்டும் மாறி வசனங்கள் நின்றால் திருத்தம். வசனம் தலைகீழானால் அது திருத்தமாகாது. உங்கள் சுருக்கவுரையில் “எல்லாக் கிணறுகளும் பாதுகாப்பானவை” என்பது “மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எல்லை தாண்டியவை” என்று ஆகிறது. பரிந்துரையும் மாறுகிறது, வரைபடமும் மாறுகிறது. மீளப்பெற்று மறுபிரசுரம் என்பதே நான் சொல்லும் வழி. அதுவும் அந்த 11 வரிகளின் கதை தெரிந்த பிறகுதான். அவற்றுக்கு விளக்கம் கிடைக்காவிட்டால் புதிய பதிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, மீளப்பெறல் மட்டும்தான். ஒரு பகுதித் தரவு எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டுரையில் மிச்சத் தரவை வாசகர் எதை வைத்து நம்புவார்?

ஆகவே அந்த வரிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மாரி மழைக்குப் பின் கிணற்று நீர்மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். உப்புச் செறிவும், அதைக் காட்டும் மின்கடத்துதிறனும் அதோடு மாறும். ஒரு கிணற்றில் புளோரைட்டு இரு போகத்திலும் தற்செயலாக ஒத்துப்போகலாம். அடுத்தடுத்த 11 கிணறுகளில், இரண்டு வேறு அளவுகள், இரண்டாம் தசமம் வரை ஒத்துப்போவது தற்செயல் ஆகாது. ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்பதற்குப் பல விடைகள் உண்டு, எல்லாமே களவு அல்ல. எக்செலில் ஒரு தொகுதியைப் பிரதி எடுத்துத் தவறான இடத்தில் ஒட்டினால் இப்படித்தான் தொடர்ச்சியாக வரும். வேறு தாளிலிருந்து எண்களைத் தேடி எடுக்கும் சூத்திரம் சிறுபோகத் தாளுக்குப் பதிலாகக் காலபோகத் தாளைப் பார்த்திருந்தாலும் வரும். இரண்டாம் சுற்றில் அந்தக் கிராமத்துக்குப் போகாமலே பழைய எண்களைப் போட்டு நிரப்பியிருந்தாலும் வரும். முதல் இரண்டும் கவனக்குறைவு. மூன்றாவது தரவுப் புனைவு.

எதுவென்று தாள்களே சொல்லும். முதலில் மூலக் கோப்புகளைத் திறந்து சேமிக்க வேண்டாம், கடைசியாக மாற்றிய திகதி மாறிவிடும். ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்து, அதே நாளில் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பி வையுங்கள். பிறகு களக் கொப்பியில் சிறுபோகத் திகதிகளைப் பாருங்கள்: அந்த 11 கிணறுகளுக்கும் நேரமும் நீர்மட்டமும் எழுதியிருக்கிறதா, அல்லது கிணற்று இலக்கத்தை மட்டும் ஒரே மையால் வரிசையாக எழுதியிருக்கிறதா? மாதிரிப் போத்தல் லேபிள்கள், ஆய்வுகூட வரவுப் பதிவு, கருவியின் நினைவகம் ஆகியவற்றில் அந்த நாளில் எத்தனை மாதிரி ஓடியது என்று எண்ணுங்கள். பீட வாகனத்தில் போயிருந்தால் ரனிங் சாட் இருக்கும். அன்று வாகனம் எந்தப் பக்கம், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அதில் பதிந்திருக்கும். கருவியில் 48 மாதிரியும் இருந்து கணினித் தாளில் மட்டும் 11 மாறியிருந்தால், சரியான எண்கள் உங்கள் கையிலேயே உள்ளன; நிம்மதியாகத் திருத்தலாம். கருவியில் 37 மட்டும் இருந்தால் அது வேறு பிரச்சினை.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும்: இப்போது போய் அந்த 11 கிணறுகளிலும் நீர் எடுத்துச் சோதித்து அந்த எண்களைப் போட்டுவிடலாமே என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த ஆண்டுத் தண்ணீர் அந்தச் சிறுபோகத்தின் தண்ணீர் ஆகாது. பிழையாகத் தொடங்கிய ஒன்றை நீங்களே புனைவாக்கிவிடுவீர்கள்.

களவேலைக்காரரிடம் கதைக்கும்போது “நீ பொய்த்தரவு போட்டாய்” என்று தொடங்கினால் கொப்பி காணாமல் போய்விடும். “இந்த 11 வரியும் இரண்டு போகத்திலும் ஒன்றாக இருக்குது, மூலப் பதிவைத் தரமுடியுமா?” என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கதைத்தாலும் பிறகு “இன்று கதைத்தது இது” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி வையுங்கள்.

இதழ் இதையெல்லாம் எப்படிக் கையாளும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். 1997இல் பிரித்தானியாவில் இதழாசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய வெளியீட்டு நன்னெறிக் குழு, கோப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், படிப்படியான பாய்ச்சற்படங்களை வைத்திருக்கிறது. பெரும்பாலான பெரிய வெளியீட்டாளர்கள் அவற்றையே பின்பற்றுகிறார்கள். உங்கள் கடிதம் போனதும் ஆசிரியபீடம் பெற்றுக்கொண்டதாக அறிவிக்கும். பிறகு மூன்று ஆசிரியர்களிடமும் விளக்கமும் மூலத்தரவும் கேட்கும். விளக்கம் திருப்தி என்றால் அறிவிப்பின் வாசகத்துக்குப் போகும். திருப்தி இல்லை என்றால், அல்லது புனைவு என்ற சந்தேகம் எழுந்தால், உங்கள் நிறுவனத்துக்கு எழுதும். காரணம், இதழுக்கு ஒருவரின் கொப்பியைக் கைப்பற்றவோ சாட்சியை அழைக்கவோ அதிகாரம் இல்லை; வேலை கொடுத்த நிறுவனத்துக்குத்தான் உண்டு. யார் செய்தது என்பதை நிறுவனம் விசாரிக்கும். கட்டுரையை நம்பலாமா என்பதை இதழ் தீர்மானிக்கும். இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் சேரோடு கதைப்பதும் இலகுவாகும்: மீளப்பெறல் என்பது வாசகரைக் காப்பதற்கான வழி, எழுதியவரைத் தண்டிப்பதற்கானது அல்ல என்று கோப் குழுவின் வழிகாட்டலே சொல்கிறது. நிறுவன விசாரணை முடியும்வரை இதழ் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எண்கள் நம்பத்தகாதவை என்பது தெளிவானால் முன்னதாகவே மீளப்பெறலாம்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு ஒரே விடை இல்லை. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த, வேக்ஃபீல்ட் என்ற பிரித்தானிய மருத்துவரின் கட்டுரை வெறும் 12 பிள்ளைகளைப் பற்றியது. 2004இல் இணையாசிரியர்களில் பெரும்பாலானோர் அதன் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். முழுதாக மீளப்பெற 2010 ஆனது. அதே லான்செட்டில் 2020 மே மாதம் வந்த, 96,000 கொவிட் நோயாளரின் தரவு என்று சொன்ன கட்டுரை இரண்டு கிழமைக்குள் போய்விட்டது. தரவு வைத்திருந்த நிறுவனம் மூலத்தரவைச் சுயாதீனப் பரிசோதகருக்குக் காட்ட மறுத்தது, ஆசிரியர்களில் மூவர் தாங்களே மீளப்பெற்றார்கள். வித்தியாசம் எங்கே என்று பாருங்கள். ஆசிரியர்களே முன்வந்தால் வேலை கெதியாக முடிகிறது. மறுத்தால் வழக்கறிஞர் கடிதம், நிறுவனத்தின் மௌனம், இணையாசிரியர் பிணக்கு என்று ஆண்டுகள் போகின்றன. எல்லாத் தாள்களோடும் நீங்களே எழுதினால், பிணக்கு இல்லாதபோது, சில மாதங்களில் முடியக்கூடிய விடயம் இது.

சேரின் சம்மதம் பற்றி. எந்த ஆசிரியரும் தன் கட்டுரையில் பிழை உண்டு என்று இதழுக்கு எழுதலாம். தொடர்பு ஆசிரியர் சேராக இருந்தாலும் தடையில்லை. எல்லா ஆசிரியரும் உடன்படாவிட்டாலும் இதழாசிரியர் திருத்தவோ மீளப்பெறவோ முடியும், யார் உடன்பட்டார், யார் உடன்படவில்லை என்று அறிவிப்பில் வரும். என்றாலும் முதலில் சேருக்கே எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: கருவிப் பதிவின் படம், 62ஐ 14ஆல் பிரித்த கணக்கு, பழைய முடிவும் புதிய முடிவும். “இரண்டு கிழமைக்குள் மூவரும் சேர்ந்து எழுதினால் நல்லது, இல்லாவிட்டால் நான் எழுத வேண்டிவரும், உங்களுக்கும் பிரதி வரும்” என்று மரியாதையோடு, திகதி போட்டு எழுதுங்கள். பதவியுயர்வு நேர்முகத்துக்கு, பிழை என்று தெரிந்த கட்டுரையைப் பட்டியலில் போட்டுப் போவதுதான் அவருக்குப் பெரிய ஆபத்து. இன்றுவரை அது அறியாப் பிழை. உங்கள் தாளை வாசித்த நாளிலிருந்து அது அறிந்த பிழை. இதை அவருக்குப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் பலர் இந்த ஒரு வார்த்தையில் மனம் மாறியிருக்கிறார்கள்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. வேலையும் சிபாரிசுக் கடிதமும் அவர் கையில் இருக்கின்றன. ஆகவே தனியாக நிற்க வேண்டாம். துறைத் தலைவரோ பீடாதிபதியோ நெறிமுறை மீளாய்வுக் குழுவின் செயலாளரோ, நீங்கள் நம்பக்கூடிய ஒருவருக்கு, இதழுக்கு எழுதமுதல் தெரியப்படுத்தி அதற்கும் எழுத்துச் சான்று வைத்திருங்கள். பெயரை மறைத்து முறையிடலாமா என்றும் யோசிப்பீர்கள். பப்பியர் என்ற தளத்தில் 2012 முதல் பெயர் சொல்லாமல் கட்டுரைகளைப் பற்றிக் கேள்வி எழுப்ப முடிகிறது; வெளியாளுக்கு அது பயன்தரும் வழி. மூன்று ஆசிரியர் உள்ள கட்டுரையில், கருவிப் பதிவைப் பார்த்தவர் எழுதினால், யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறைந்து எழுதினால் பாதுகாப்பும் கிடையாது, தானாக முன்வந்தவர் என்ற பெயரும் கிடையாது.

இதழுக்கு எழுதும் கடிதத்தில் உணர்ச்சிச் சொல், மன்னிப்புப் பந்தி, யாரைப் பற்றிய ஊகம் எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

“கீழ்க்காணும் தலைப்பும் டீஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள) இலக்கமும் கொண்ட கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக எழுதுகிறேன். அட்டவணை 2, வரைபடம் 3, சுருக்கவுரை ஆகியவற்றில் நைத்திரேற்று என்று தரப்பட்ட எண்கள் உண்மையில் நைத்திரேற்று-நைதரசன். 4.43ஆல் பெருக்கும்போது ஆகக் கூடிய அளவு லீற்றருக்கு 93 மில்லிகிராம் ஆகிறது. காலபோகத்தில் 48 கிணறுகளில் 17 எல்லையைத் தாண்டுகின்றன. கட்டுரையின் பிரதான முடிவு இதனால் மாறுகிறது. இதைவிட, அட்டவணை 4இல் 11 கிணறுகளின் எண்கள் இரு பருவங்களிலும் ஒன்றாக உள்ளன. மூலப் பதிவுகளைச் சரிபார்த்து வருகிறோம், பெறுபேற்றை இன்ன திகதிக்குள் அறிவிப்போம். மீளப்பெற்று மறுபிரசுரம் செய்யும் வாய்ப்பைப் பரிசீலிக்கக் கோருகிறேன். மூலக் கோப்புகளும் திருத்திய அட்டவணைகளும் இணைக்கப்பட்டுள்ளன. மற்ற ஆசிரியர்களுக்குப் பிரதி அனுப்பப்பட்டுள்ளது.”

இரண்டாம் பிரச்சினையையும் அதே கடிதத்தில் சொல்லியே ஆக வேண்டும். அலகுப் பிழையை மட்டும் சொல்லித் திருத்தம் வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து அந்த 11 வரிகளை வேறொருவர் கண்டுபிடித்தால், முதல் நேர்மையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். ஒரே கட்டுரைக்கு இரண்டு அறிவிப்பு வருவதை எந்த இதழாசிரியரும் விரும்பமாட்டார்.

நாலு கிழமையில் பதில் இல்லை என்றால் அதே கடிதத்தை மேலே சேர்த்து நினைவூட்டுங்கள். பிறகும் மௌனம் என்றால் பிரதம ஆசிரியர், அதன்பின் வெளியீட்டு நிறுவனத்தின் ஆய்வு நேர்மைப் பிரிவு. இதழ் கோப் குழுவின் உறுப்பினராக இருந்தால் அங்கும் முறையிடலாம். ஆனால் கோப் உங்கள் தரவைப் பரிசோதிக்காது, இதழ் முறைப்படி நடந்ததா என்பதை மட்டுமே பார்க்கும். காசு கட்டினால் மூன்று நாளில் பிரசுரம் என்று அழைக்கும் ரகத்தைச் சேர்ந்த இதழ் என்றால் பதில் வராமலே போகலாம், அல்லது திருத்தத்துக்கும் காசு கேட்கலாம். நல்ல இதழ்கள் வழமையாக அப்படிக் கேட்பதில்லை. அந்த நிலையில், நிறுவனத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் திருத்திய தரவையும் விளக்கக் குறிப்பையும் திகதியோடு போட்டு, அந்த இணைப்பைப் பரப்புங்கள்.

பெயர் கெடுமா? மீளப்பெறல் என்ற சொல்லுக்கு ஒரு கறை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2012இல் வெளியான ஆய்வொன்று உயிரியல், மருத்துவத் துறைகளில் மீளப்பெற்ற 2,047 கட்டுரைகளை ஆராய்ந்தபோது மூன்றில் இரண்டு பங்கு முறைகேட்டால், ஐந்தில் ஒன்று அளவே நேர்மையான பிழையால். 2023இல் உலகளவில் மீளப்பெற்றவை 10,000ஐத் தாண்டின. அவற்றில் 8,000க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே வெளியீட்டாளருடையவை, பெரும்பாலும் போலி மதிப்பாய்வாலும், காசுக்குப் போலிக் கட்டுரை எழுதி விற்கும் கட்டுரை ஆலைகளாலும் வந்தவை. அந்தக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணப்படாமல் இருக்க உங்களுக்கு ஒரு வழி உண்டு: அறிவிப்பின் வாசகம். வெளியிடமுதல் வரைவை வழமையாக உங்களுக்குக் காட்டுவார்கள். “தரவில் சிக்கல்கள் காரணமாக” என்ற பூசிமெழுகலை ஏற்காதீர்கள். மழுப்பல் வாசகம் நேர்மையானவரைத்தான் பாதிக்கும். “நைத்திரேற்று-நைதரசன் அளவு நைத்திரேற்றாகத் தவறாகப் பதியப்பட்டது, ஆசிரியரே இதைக் கண்டறிந்து அறிவித்தார்” என்று நேராக எழுதக் கேளுங்கள்.

2018இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு பெற்ற பிரான்சிஸ் ஆர்னோல்ட், 2019இல் சயன்ஸ் இதழில் வந்த தன் கட்டுரையை 2020 ஜனவரியில் தானே மீளப்பெற்றார். பெறுபேறு மீள வரவில்லை, முதல் ஆசிரியரின் ஆய்வுகூடக் கொப்பியில் அந்த நாட்களின் பதிவும் மூலத்தரவும் இல்லை என்று காரணத்தைத் திறந்து எழுதினார்கள். அவருடைய மதிப்பு அதனால் குறையவில்லை. 2013இல் வந்த இன்னோர் ஆய்வு, மீளப்பெறலுக்குப் பின் ஆசிரியர்களின் பழைய கட்டுரைகள் மேற்கோள்களை இழக்கின்றன, ஆனால் பிழையைத் தாங்களே அறிவித்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை என்று கண்டது. சேருக்கு இந்தப் பந்தியைக் காட்டுங்கள்.

அறிவிப்பு வந்த பிறகும் பழைய கட்டுரை இணையத்திலிருந்து மறையாது, மறையவும் கூடாது. பிடிஎஃபின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே முத்திரை விழும், அறிவிப்பு இலவசமாக வாசிக்கக் கிடைக்கும். கட்டுரைகளின் டீஓஐ இலக்கங்களைப் பதியும் குரொஸ்ரெப் அமைப்பு, மீளப்பெற்ற கட்டுரைகளைத் திரட்டும் தளமான ரிட்ராக்‌ஷன் வோச்சின் தரவுத்தளத்தை 2023 முதல் எல்லோருக்கும் திறந்து விட்டிருக்கிறது. ஸொட்டேரோ போன்ற மேற்கோள் மென்பொருளில் அந்தக் கட்டுரையைச் சேர்த்து வைத்திருப்பவருக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும். உங்கள் சுயவிபரக் கோவையில் பழையதை அழிக்காமல் மீளப்பெற்றது என்று குறித்து, கீழே மறுபிரசுரத்தை எழுதுங்கள்.

ஆனால் இந்த ஏற்பாடுகள் எட்டாத இடங்கள் சில உண்டு, அங்கெல்லாம் நீங்களேதான் போக வேண்டும். ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசேர்ச்கேட் தளத்தில் நீங்கள் ஏற்றிய பிரதியைத் தானாக யாரும் மாற்றமாட்டார்கள். நூலகத்தில் இருக்கும் உங்கள் முதுமாணி ஆய்வேட்டுக்கும் அதே பிழை உண்டு. பதிவாளருக்கு எழுதிப் பிழைதிருத்தத் தாளொன்றை முகப்பில் ஒட்டக் கேளுங்கள். மாநாட்டுச் சுருக்கம் வந்திருந்தால் அதன் ஏற்பாட்டாளருக்கும், பிரதேச செயலகத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ தமிழில் சுருக்கம் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் எழுத வேண்டும். மேற்கோள் காட்டிய அந்த மூவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போடுங்கள், எந்த எண்ணை எடுத்தாண்டார்கள், அதற்குப் பதிலாக எது வர வேண்டும் என்று குறிப்பிட்டு. மூவரில் ஒருவர் நீர்த்திட்ட அறிக்கை எழுதியிருந்தால் அவருக்கே முதலில் எழுதுங்கள். கிணறு வெட்ட இடம் தெரிவு செய்வது அந்த எண்ணை வைத்துத்தான்.